ஹலோ சொன்னாலே கன்வெர்ஷன்

“ஒரு லட்சத்தைத் தாண்டிட்டோம் மேடம்!” என்று சொல்லி, விளம்பர ஏஜென்சிக்காரன் குலுக்குவதற்காகக் கையை நீட்டினான். என் கையில் கார் துடைத்த ஈரத்துணி இருந்தது. அதைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு என் அண்ணன் பக்கம் திரும்பியது. அண்ணன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். தேர்தலில் ஜெயித்தவர்கூட அப்படிக் குலுக்கியிருக்க மாட்டார்.

நாங்கள் இருந்தது எங்கள் டிரைவிங் ஸ்கூலின் ஆபீஸ். ஆபீஸ் என்று சொல்வதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். வீட்டின் கார் ஷெட்டில் பாதியைத் தடுத்து ஒரு மேஜையும் சில நாற்காலிகளும் போட்டிருந்தோம். சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சடித்த படம். மீதிப் பாதியில் கார். அதன் இரண்டு பக்கக் கதவுகளிலும் ‘பெண்களுக்கு மட்டும்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். கார் அண்ணனுடையது. ஆனால் பயத்தில் வேர்த்துப்போன ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கத்து பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, ஒன்றும் ஆகாது, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள் என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். இந்த ஊரில் என்னிடம் கற்றுக்கொண்டு ஓட்டுகிற பெண்களை நான் சிக்னலில் பார்த்தால் அவர்கள் கையை ஆட்டுவார்கள். நான் ஆட்ட மாட்டேன். ரெண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும் என்று கண்ணாடி வழியாகத் திட்டுவேன்.

மெயின் ரோட்டில் பெரிய டிரைவிங் ஸ்கூல் ஒன்று திறந்த பிறகு எங்களுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அதனால்தான் அண்ணன் இந்த ஏஜென்சிக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் நாளே அவன் கேட்டான், உங்களுக்கு என்ன வேண்டும் என்று. நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்றார் அண்ணன். ஆமாம், நிறையப் பேர் என்றேன் நானும். அண்ணிகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். குடும்பமே சேர்ந்து கூட்டம் கேட்டது. என் போட்டோ ஒன்றும் கேட்டான். காரில் சாய்ந்து நின்று சிரிக்கிற படத்தைக் கொடுத்தேன். கீழே ஸ்கூல் போனின் நம்பர். அந்தப் போன் என்னிடம்தான் இருக்கும்.

“ஒரு லட்சம் பேரா?” என்று கேட்டேன்.

“பேர் இல்ல மேடம், இம்ப்ரெஷன். உங்க விளம்பரம் ஒரு ஸ்க்ரீன்ல ஒரு தடவ வந்தா ஒரு இம்ப்ரெஷன்.”

“ஒரே ஆளு பத்து தடவ பாத்தா?”

“பத்து இம்ப்ரெஷன். ஆனா ரீச் ஒண்ணுதான்.”

“பாக்காம தள்ளி விட்டுட்டா?”

“அதுவும் இம்ப்ரெஷன்தான் மேடம். ஸ்க்ரீன்ல வந்துச்சில்ல?” என்று பெருந்தன்மையாகச் சிரித்தான். நேரில் நான் அவனை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அவன் இவன்தான். அதற்கு மேல் என்ன மரியாதை?

அப்போதுதான் போன் அடித்தது. புது நம்பர். எடுத்தேன். “போட்டோல இருக்கறது நீங்கதானா?” என்றது ஓர் ஆண் குரல். ஆமாம், என்ன வேண்டும் என்றேன். “ஆம்பளைங்களுக்குச் சொல்லித் தர மாட்டீங்களா? தனியா வந்தாலும் பரவால்ல” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம். எனக்கு இது புதிது இல்லை. விளம்பரம் போட்ட நாளிலிருந்து இப்படித்தான் வந்துகொண்டிருந்தது. பெண்ணுக்கு நாலு கியர் போடத் தெரிந்தால் அவளிடம் எதையும் கேட்கலாம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு நான் ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணனும் கேட்கட்டும், இவனும் கேட்கட்டும் என்று. அடுத்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஏஜென்சிக்காரன் கையிலிருந்த டேப்லெட்டின் திரையைத் துடைக்க ஆரம்பித்தான். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. போனைப் பிடுங்கி அதில் பேசியவனைக் கிழி கிழி என்று கிழித்தார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது உண்மைதான். சின்ன வயதில் தெருவில் யாராவது என்னைக் கேலி செய்தால் சட்டையைக்கூட மாட்டாமல் ஓடிவருகிற அண்ணன் அவர்.

“இனிமே இந்த போன் என்கிட்ட இருக்கட்டும். இந்த நாய்ங்ககிட்டயெல்லாம் நீ பேச வேணாம். நீ வண்டிய மட்டும் பாத்துக்கோ” என்றார். நான் சரி என்று தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதன் பிறகு எனக்கு நேரம் நிறையக் கிடைத்தது. கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்த சிலரும் ஒவ்வொருவராக லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். டெஸ்ட் மைதானத்தில் இன்ஸ்பெக்டர் வருவதற்காகக் காத்திருக்கும்போது, காருக்குள் உட்கார்ந்து என்னுடைய சொந்தப் போனில் இணைய விளம்பரப் பாடங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆரம்பநிலையினருக்கு என்று போட்டிருந்தது. ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். ஒருவர் விளம்பரத்தைத் தொட்டால் கிளிக். தொட்டு உள்ளே வந்து, வந்த வேகத்தில் ஓடிவிட்டால் பவுன்ஸ். பேரையும் நம்பரையும் கொடுத்தால் லீட். நாம் எதற்காக விளம்பரம் போட்டோமோ அதைச் செய்துவிட்டால் கன்வெர்ஷன். இது யாருக்காக என்று முதலில் தீர்மானியுங்கள், அதற்குத்தான் டார்கெட் ஆடியன்ஸ் என்று பெயர் என்றாள். இவ்வளவுதானா என்று தோன்றியது. கண்ணாடிக் கடை வாசலில் நின்று போகிறவன், உள்ளே நுழைகிறவன், விலை கேட்கிறவன், வாங்குகிறவன். இதற்கா அந்த ஏஜென்சிக்காரன் இவ்வளவு வாயைக் கோணினான்? கிளட்ச் என்றால் என்ன என்று முதல் நாளே புரியும்படி சொல்லாமல் சுற்றி வளைத்தால் என்னிடம் யாராவது இரண்டாம் நாள் வருவார்களா?

ஆனால் அடுத்த ரிப்போர்ட்டில் கன்வெர்ஷன் எகிறியிருந்தது. அண்ணன் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். எனக்குப் புரியவில்லை. எகிறினவர்கள் எங்கே? கார் ஷெட்டில் கார் தூசி படிந்து நின்றது.

“பொம்பளைங்க விசாரிப்பாங்க, வர மாட்டாங்க. ஆம்பளைங்கதான் வருவாங்க. டேட்டாவே சொல்லுது” என்றார் அண்ணன். “ஒரு நல்ல டிரைவரா பாத்து வேலைக்கு வச்சிடலாம். எல்லாருக்கும் சொல்லித் தர்ற ஸ்கூலா மாத்திடலாம். பெயிண்டர்கிட்ட பேசிட்டேன், கதவுல இருக்கறத சொரண்டிட்டு வேற எழுதித் தரேன்னான்.”

“அப்ப நான்?”

“நீ எங்க போவ? நீயும்தான் இருப்ப. யாராவது லேடீஸ் வந்தா பாத்துக்கோ.”

யாராவது வந்தால். என் ஸ்கூலில், என் காரில் என்று வாய்வரைக்கும் வந்தது. காரின் ஆர்சி புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்து அதை முழுங்கினேன். சோற்றையும் முழுங்கினேன். அண்ணி என் தட்டில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி போட்டாள். அவள் அப்படித்தான். எதுவும் பேச மாட்டாள், பரிமாறுவாள்.

மறுநாள் என்னிடம் மிச்சமிருந்த கடைசி மாணவிக்கு டெஸ்ட். அவள் எட்டு போட்டுக்கொண்டிருக்க, நான் மைதானத்து ஓரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது யாரோ பின்னாலிருந்து தோளைத் தட்டினார்கள். பழைய மாணவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். லைசென்ஸில் முகவரி மாற்ற வந்திருந்தாள்.

“என்னக்கா, ஸ்கூல மூடிட்டீங்களா?”

“யாரு சொன்னது?”

“எங்க வார்டுல மூணு பேரு உங்ககிட்ட கத்துக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. நான்தான் விளம்பரத்தக் காட்டி போன் பண்ணச் சொன்னேன். பண்ணா யாரோ ஒரு ஆளு எடுக்கறாராம். பொம்பள எடுப்பாங்கன்னு நெனச்சுப் பண்ணா இதென்னன்னு ஒருத்தி அப்பவே வச்சிட்டா. இன்னொருத்தி தைரியமா பேசியிருக்கா. ‘உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்கம்மா, நான் பேசிக்கறேன்’னாராம். அவ வீட்டுக்காரருக்குத் தெரியாம கத்துக்கலாம்னுதான் போனே பண்ணியிருக்கா!” என்று சொல்லி நர்ஸ் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு அண்ணன் குரல் அப்படியே காதில் கேட்டது. நிச்சயமாக மரியாதையாகத்தான் கேட்டிருப்பார். அவருக்கு அதுதான் மரியாதை. முன்பின் தெரியாத பெண்ணிடம் ஃபீஸ், நேரம் என்றெல்லாம் பேசுவது முறையில்லை, வீட்டில் ஆண்கள் இருந்தால் அவர்களிடம் பேசிக்கொள்வதுதான் அழகு. என்னைப் பொறுக்கிகளிடமிருந்து காப்பாற்றிய கையோடு, இந்தப் பெண்களையும் அவரவர் வீட்டுக்காரர்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. கெட்ட எண்ணம் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்.

அன்று மாலை ஏஜென்சிக்காரன் வந்திருந்தான். நான் கார் சாவியைக்கூட மாட்டாமல் நேரே மேஜைக்குப் போனேன்.

“கன்வெர்ஷன்னு எதக் கணக்கு பண்றீங்க?”

“விளம்பரத்துல இருக்கற போன் பட்டன அமுக்கி உங்களுக்கு போன் வந்தா கன்வெர்ஷன் மேடம்.”

“எடுத்து ஹலோன்னதும் வச்சிட்டா?”

அவன் அண்ணனைப் பார்த்தான். “அது… போன் வந்துச்சில்ல மேடம். அதுக்கப்புறம் உங்க சைடு.”

“சரி. இத யாருக்குக் காட்டறீங்க? ஆடியன்ஸத் தெறங்க. எனக்குப் பாக்கத் தெரியும், தெறங்க.”

திறந்தான். ஒரு வட்டம். நீல நிறம் ஆண்கள், மஞ்சள் பெண்கள் என்று கீழே எழுதியிருந்தது. வட்டம் முழுக்க நீலம். மஞ்சள் ஓரமாக ஒரு கீற்று. பெண்களுக்கு மட்டும் என்று கதவில் எழுதி வைத்திருக்கிற ஒரு ஸ்கூலின் விளம்பரம். நான் சிரிக்கிற படத்தை ஊரில் இருக்கிற ஆண்களுக்கெல்லாம் ஒருவர் விடாமல் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அதற்கு நாங்களே கூலி கொடுத்திருக்கிறோம்.

“ஆம்பளைங்க ஈஸியா கிளிக் பண்ணுவாங்க மேடம். ஒரு கிளிக்குக்கு ஆகற செலவு கம்மி. ஆப்ஜெக்டிவ் கிளிக்னு வச்சா, அதான் நமக்கு வேண்டியது கிளிக்னு சொல்லிட்டா, சிஸ்டம் தானாவே கத்துக்கும். யாரு கிளிக் பண்றாங்களோ அவங்கள மாதிரியே இன்னும் நெறைய பேர தேடிப் பிடிச்சுக் காட்டும்.”

“இது பொம்பளைங்களுக்கான ஸ்கூல்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம். ஆனா நெறைய பேரு பாக்கணும்னு சார்தான் சொன்னாங்க. எல்லாருமே சொன்னீங்க. நம்பர் நல்லா வந்துட்டு இருந்துச்சு, அத எதுக்குக் கலைக்கணும்னு…”

தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் அந்த வட்டம் அவன் டேப்லெட்டில்தான் இருந்திருக்கிறது. “என் மூஞ்சிய வித்து நம்பர் காட்டியிருக்கீங்க. எழுந்து போங்க. இந்த நிமிஷமே விளம்பரத்த நிறுத்திட்டு எழுந்து போங்க” என்று கத்தினேன். என் குரல் கார் ஷெட்டின் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. அவன் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனான். வாசலில் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு, திரும்பக் கழற்றி மாட்டினான். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

அண்ணன் மெதுவாகச் சொன்னார், “அவன எதுக்குத் திட்டற? அவன் வேலைய அவன் பாத்தான்.”

“நீங்க என்னண்ணா பாத்தீங்க? போன் பண்ணவகிட்ட வீட்டுக்காரர்கிட்ட குடுன்னீங்களா இல்லையா?”

“அதுல என்ன தப்பு? ஒருத்திகிட்டயாவது மரியாத கொறச்சலா பேசியிருக்கனா, கேட்டுப் பாரு.”

“யாரக் கேக்கறதுண்ணா? எல்லாரும்தான் வச்சிட்டாங்களே!”

“அப்ப உங்கிட்ட குடுத்துட்டு, அந்தப் பொறுக்கிங்க பேசறத நான் பாத்துட்டு நிக்கணுமா?”

“நிக்க வேணாம். உள்ள போங்க. நான் பேசிக்கறேன். கெட்ட வார்த்த கேட்டா காது அறுந்தா விழும்? அவன் போன வச்சிட்டு அடுத்தவள எடுப்பேன். எனக்கு அந்த அடுத்தவதாண்ணா வேணும்.”

அவருக்கு அது புரிந்ததா தெரியவில்லை. சத்தம் போட்டதுதான் அவர் காதில் விழுந்தது. காலையில் பெயிண்டர் வருவான், வண்டியை எடுக்காதே என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

காலையில் நான் கார் ஷெட்டில் நின்று கதவில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுரண்டினாலும் தடம் போகாது, கொஞ்ச நாளைக்கு நிழல் மாதிரித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அதில் என்ன ஆறுதல்? அண்ணி வந்தாள். கையில் போன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நீட்டினாள்.

“குளிக்கப் போயிருக்கார். சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்.”

“அண்ணி, அவர் வந்து கேட்டா?”

“நான் குடுத்தேன்னு சொல்றேன்” என்றாள். பிறகு கேட்டைத் திறந்து, சத்தம் வராமல் இருக்க அதை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நான் காரை எடுத்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு மூடிய கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, போனில் வந்திருந்த அழைப்புகளை எடுத்துத் திரும்பப் பேச ஆரம்பித்தேன். முதலில் ஓர் ஆள். என்ன விஷயம் என்று சொல்வதற்குள் இளித்தான். வைத்தேன். இரண்டாவதும் அப்படியே. காது அறுந்து விழவில்லை. மூன்றாவது ஒரு பெண். அவள் பெரிய ஸ்கூலில் சேர்ந்துவிட்டாளாம். நான்காவதில் யாரும் எடுக்கவில்லை. அடுத்ததில் எடுத்தார்கள், ஆனால் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“டிரைவிங் ஸ்கூல்லேர்ந்து பேசறேங்க. நீங்க போன் பண்ணியிருந்தீங்க.”

“சொல்லித் தர்றவங்களா? போட்டோல இருக்கறவங்க?” பெண் குரல். யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் பேசினாள்.

“ஆமா, நான்தான்.”

“அன்னைக்கு ஒருத்தர் எடுத்தாரே?”

“எங்க அண்ணன்.”

“ஓ!” என்றாள். பிறகு, “எனக்கும் வீட்ல ஒருத்தர் இருக்கார்” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. கோபம்தான் அது, வேறொன்றும் இல்லை.

“எப்ப வரலாங்க?”

“இப்பவே நான் வரேன். தெரு சொல்லுங்க.”

அவள் சொன்ன தெரு குறுகலானது. இரண்டு பக்கமும் வீடுகள், வாசலில் வண்டிகள். நீல கேட் போட்ட வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். வீட்டுக்குள்ளே போட்டிருக்கிற உடையோடு, தலைமுடியை அள்ளி முடிந்தபடி வந்திருந்தாள். கதவில் இருக்கிற எழுத்தை ஒருமுறை வாசித்தாள். நான் இறங்கி, ஸ்டியரிங் பக்கக் கதவை அவளுக்காகத் திறந்து பிடித்தேன். அவள் பின்சீட்டைப் பார்த்தாள்.

“இங்க. உக்காருங்க” என்றேன்.

உட்கார்ந்தாள். நான் சுற்றிப்போய்ப் பக்கத்தில் ஏறிக்கொண்டு, சீட்டை முன்னால் இழுக்கச் சொன்னேன். கண்ணாடியைச் சரிபண்ணச் சொன்னேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவற்றை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன். சில்லென்று இருந்தன. டேஷ்போர்டில் வைத்திருந்த போனில் அண்ணனுடைய அழைப்பு வந்துகொண்டே இருந்தது. நின்றது, மறுபடியும் வந்தது. பெயிண்டர் வந்திருப்பான். எடுக்காமல் விட்டேன்.

“மொதல்ல இதுல எது எதுக்குன்னு பாக்கலாம். பயப்படாதீங்க, எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க.”

அவள் இண்டிகேட்டரைத் தொட்டாள். வைப்பரைத் தொட்டாள், அது காய்ந்த கண்ணாடியில் கீச்சிட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்தது. பிறகு ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஹாரன் அந்தச் சந்து முழுக்க அலறியது. எதிர்வீட்டு மாடியில் ஒருவர் பேப்பரோடு எட்டிப் பார்த்தார். நீல கேட்டுக்குப் பின்னால் கதவு திறந்து, “யாரது? யாரு அது?” என்று ஓர் ஆண் குரல் கேட்டது. போதும், கையை எடுக்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையையும் கொண்டுவந்து அந்தக் கையின் மேல் வைத்து, இன்னும் பலமாக அழுத்தினாள்.